கொஞ்சம் சும்மா இருங்களேன்

"யாரும் எடுத்ததும் குடிச்சிடக் கூடாது. முதல்ல மோந்து பாக்கணும்" என்று, ஓயாத பேச்சால் 'ரேடியோ' என்று பேர் வாங்கியிருந்தவர் கையை உயர்த்தியதுமே மாப்பிள்ளைக்கு எரிச்சல் ஆரம்பித்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். மனைவியின் பெரியப்பா வீட்டுக்கு மாப்பிள்ளை வருவது இதுதான் முதல் தடவை. மேஜைமேல் பீர் பாட்டில்கள் நின்றன. லேபிளைப் பார்த்து யாரும் ஊரைக் கண்டுபிடித்துவிடக் கூடாது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சாக்ஸை மாட்டியிருந்தார் பெரியம்மா.

"எல்லாம் துவைச்சதுதான் மாப்ள, பயப்படாதீங்க."

ரேடியோ, பெரியப்பாவின் நெருங்கிய நண்பர். மருந்துக் கம்பெனியில் விற்பனை வேலை. போகிற ஊரிலெல்லாம் சின்னச் சின்ன ஆட்கள் சொந்தமாகக் காய்ச்சுகிற பீரை வாங்கி வந்து, மாதம் ஒரு முறை இங்கே கடை விரிப்பார். எந்த ஊர்ச் சரக்கு உசத்தி என்று எல்லாரும் ருசித்துச் சொல்ல வேண்டும். ஆனால் மற்றவர்கள் சொல்ல அவர் விட்டால்தானே!

முதல் பாட்டிலின் நுரை அடங்குவதற்குள் தொடங்கிவிட்டார்.

"இது மலைமேல காய்ச்சினது. ஆரஞ்சுத் தோலை நகத்தால கிள்ளினா கண்ணுல தெறிக்குமே, அந்த வாசனை. காலையில ஜன்னலைத் திறந்தா மேகம் உள்ள வந்து நாற்காலியில உக்காந்துக்கும் பாரு, அந்தச் சில்லிப்பு நாக்குல நிக்குது. கடைசில லேசா ஒரு கசப்பு. கோவிச்சுக்கிட்டுப் போனவ தெருமுனையில ஒரு தடவை திரும்பிப் பாத்த மாதிரி."

மாப்பிள்ளை தன் கிளாஸை மோந்து பார்த்தார். ஆரஞ்சா, எலுமிச்சையா? யோசிக்கவே விடவில்லையே இந்த ஆள்! பரீட்சை ஹாலில் பக்கத்து பெஞ்சுக்காரன் விடையைக் கத்துவது போல இருந்தது.

பெரியப்பா கண்களை மூடிக்கொண்டு ஒரு வாய் குடித்தார். உதட்டில் சிரிப்பு. பேக்கரி நடத்தி ஓய்ந்தவர். ரொட்டி வெந்துவிட்டதா என்று வாசலில் நின்றே மூக்கால் சொல்லிவிடுவாராம். வழியெல்லாம் மனைவி பெருமையடித்துக்கொண்டு வந்திருந்தாள். அப்பேர்ப்பட்டவரிடமே இந்த ரேடியோ அளக்கிறதே!

இரண்டாவது பாட்டில்.

"கடலோர ஊர். மெல்லிசா உப்பு. கொத்தமல்லி விதையை ரெண்டு விரலால நசுக்கின வாசனை. ஒரு படகைக் கவுத்துப் போட்டிருக்காங்க. வெயில்ல அந்தப் பலகை காயுது."

"படகு என்ன நிறம்?" என்றார் பெரியப்பா, கண்ணைத் திறக்காமலே.

"பச்சை. அங்கங்க உரிஞ்ச பச்சை."

"ம்..."

ஜன்னல் வெளிச்சம் கிளாஸ்களுக்குள் நுழைந்து, சுவரில் மஞ்சள் மஞ்சளாக அசைந்தது. அறையே மெல்ல மிதப்பது போல இருந்தது.

"உங்க பெரியப்பாவுக்கு நல்லா ஐஸ் வைக்கிறாரு" என்று மாப்பிள்ளை முணுமுணுத்தார். மனைவி அவர் தொடையில் கிள்ளினாள்.

மூன்றாவது, கன்னங்கரேல் என்று இருந்தது. ரேடியோ மோந்துவிட்டு வாயைத் திறந்தார்.

மாப்பிள்ளைக்குப் பொறுக்கவில்லை.

"சார், கொஞ்சம் சும்மா இருங்களேன். இதையாவது நாங்களே ருசி பாத்துக்கறோம். எங்களுக்கும் நாக்கு இருக்கு."

பெரியம்மாவின் கை பாட்டிலோடு அப்படியே நின்றது.

ரேடியோ கோபப்படவில்லை. "சரிதான் மாப்ள. நான் கொஞ்சம் ஓவராத்தான் பேசறேன்" என்று வாயை மூடிக்கொண்டார்.

நுரை உடைகிற சத்தம்கூடக் கேட்டது. ஆகா, இதுவல்லவா நிம்மதி! மாப்பிள்ளை ஒரு வாய் குடித்தார். வறுத்த காப்பிக்கொட்டை! தானாகவே கண்டுபிடித்துவிட்டார். பெருமையோடு நிமிர்ந்து பார்த்தார்.

பெரியப்பா திருதிருவென்று விழித்துக்கொண்டிருந்தார். ஒரு வாய் குடித்தார். நண்பரின் முகத்தைப் பார்த்தார். இன்னொரு வாய் குடித்தார். பிறகு கிளாஸைக் கீழே வைத்தார்.

"நல்லாருக்கு" என்றார், முன்பின் தெரியாதவர் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் பார்த்துச் சொல்வது போல.

பெரியப்பா கிளாஸை ஓரமாக நகர்த்தினார்.

"மாப்ள, அவன்மேல தப்பில்ல."

"டேய், இப்ப எதுக்கு அதெல்லாம்?" ரேடியோ அவசரமாகத் தடுத்தார்.

"இருடா. எனக்காக நீ பேச்சு வாங்கறதைப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?" பெரியப்பா மாப்பிள்ளையின் பக்கம் திரும்பினார். "போன வருஷம் மாடிப்படியில விழுந்தேன்ல. அந்த அடியில வாசனை, ருசி ரெண்டுமே போயிடுச்சு. இனிமே வராதுன்னுட்டாங்க. வெளிய சொல்லிக்கல. ரொட்டி சுட்டுப் பேர் வாங்கினவன், எந்த வாயால சொல்லுவேன்? இந்த கிளாஸ்ல இருக்கறது எனக்கு வெறும் தண்ணி மாப்ள. இவன் சொல்றதைத்தான் நான் குடிக்கிறேன்."

மனைவி திகைத்துப்போய்ப் பெரியம்மாவைப் பார்த்தாள். அவளுக்கும் இது புதுச் செய்தி.

மாப்பிள்ளைக்குக் காது மடல் சுட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயெடுத்தார். அதற்குள் பெரியப்பா ஒதுக்கி வைத்த கிளாஸ் கண்ணில் பட்டது. ரேடியோவும் குனிந்து மேஜையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை தன் கிளாஸை எடுத்தார். நன்றாக, ஆழமாக மோந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை, மாமா. அப்புறம்... எப்படிச் சொல்றது... நான் லிஃப்ட் மாட்டற வேலைல இருக்கேன்ல. புதுசாக் கட்டின வீடு, இன்னும் யாரும் குடிவரல. கதவைத் தள்ளினா உள்ள இருட்டு, மரத்தூள் வாசனை. ஒரே ஒரு ஜன்னல்ல மட்டும் வெயில். பக்கத்துல எங்கயோ யாரோ சாக்லேட் காய்ச்சறாங்க. அது அப்படியே படியேறி வந்து—"

சொல்லச் சொல்ல வேகம் பிடித்துவிட்டது அவருக்கு. பெரியப்பா மறுபடி கிளாஸை எடுத்து, ஒரு வாய் குடித்துக் கண்களை மூடியிருந்தார்.

ரேடியோ மெல்ல மாப்பிள்ளையின் கையைத் தொட்டார்.

"மெதுவா மாப்ள. அவன் இன்னும் முழுங்கல."