பல்லியின் விமர்சனம்

ஒரு வீட்டில், டிவிக்கு மேலே ஒரு பல்லி குடியிருந்தது. பொழுது சாய்ந்தால் அந்த டிவியில் வீடியோ கேம் ஓடும். பல்லி ஒன்றுவிடாமல் பார்த்துவிட்டு ஜன்னலோர விட்டில் பூச்சிகளுக்கு விமர்சனம் சொல்லும். அது கத்தினால், "பார், பல்லியே சொல்லிடுச்சு" என்று வீட்டுக்காரர்களே பேச்சை முடித்துக்கொள்வார்கள். விட்டில்களுக்கு மட்டும் சந்தேகம் வருமா?

"புதுசா வந்த பேய் கேம் எப்படி?" என்று ஒரு விட்டில் கேட்டது.

"படுமோசம். ஒரே இருட்டு. ஈ காக்கா கூட எட்டிப் பார்க்கலை."

"கார் ரேஸ்?"

"படம் ஓடிக்கிட்டே இருக்கு. யாரும் நிம்மதியா உட்கார முடியலை."

"ஃபுட்பால்?"

பல்லி நாக்கை நீட்டித் தன் கண்ணைத் துடைத்துக்கொண்டது.

"அதுதான் கேம். பச்சைப்பசேல்னு மைதானம், பளீர்னு வெளிச்சம். ஆனா தள்ளி நின்னு பார்த்தா அருமை தெரியாது. திரையிலேயே உட்கார்ந்து பார்க்கணும்."

விட்டில் நன்றி சொல்லிவிட்டுத் திரைக்குப் பறந்தது.

மறுநாள் அதன் தங்கை வந்தது.

"நேத்து எங்கக்கா ஃபுட்பால் பார்க்க வந்தாளே, அவளுக்குப் பிடிச்சுதா?"

"ஒரு குறைகூடச் சொல்லலை" என்றது பல்லி. "நீயும் முன்னாடி வந்து உட்காரு."