வைட்டமின் டப்பா

மூன்றாவது முறையும் டாக்டர் அதையே கேட்டார். "என்ன மாத்திரைம்மா முழுங்கினாரு?" பூங்கோதை காலி டப்பாவை மறுபடியும் நீட்டினாள்.

"வைட்டமினுக்கெல்லாம் ஆளு இப்படி நடுங்க மாட்டாரும்மா. எதுன்னு தெரிஞ்சாத்தானே டயாலிசிஸ் போடலாமா வேண்டாமான்னு சொல்ல முடியும்?"

அவளுக்கு எரிச்சலில் அழுகைகூட வரவில்லை. கட்டிலில் கணவன் கை கால் உதறிக்கொண்டு கிடந்தான். சுவரோரம் மாமியார் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில், நாத்தனாருக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளையின் அப்பா. அவர் டீ குடிக்கக் கீழே இறங்கிய பிறகுதான் மாமியார் எழுந்து வந்தாள்.

"மனசு சரியில்லாததுக்குப் போடுற மாத்திரைங்கய்யா. லித்தியம். கல்யாணத்துக்கு முன்னாடியே உண்டு. நான்தான் டப்பா மாத்தி வச்சேன்."

அசதியாக இருக்கிறதென்று ஒருநாள் பூங்கோதையும் அதிலிருந்து ஒன்று எடுத்தபோது மாமியார் கையைத் தட்டிவிட்டாள். கஞ்சத்தனம் என்றுதான் அன்று நினைத்திருந்தாள்.

மெஷின் ஓடத் தொடங்கியது. குழாய்களில் ரத்தம் சுற்றி வந்தது. "ஒரு தடவையில முடியாது" என்றார் டாக்டர். "ரத்தத்துல இருக்கறதை எடுத்தாலும், உடம்புக்குள்ள ஒளிஞ்சிருக்கறது திரும்ப ரத்தத்துக்கு வரும்."

டீ குடித்துவிட்டு வந்த சம்பந்தி கண்ணாடி வழியே பார்த்தார்.

"வைட்டமின்தாங்க. கொஞ்சம் கூடுதலாப் போட்டுட்டான்" என்றாள் மாமியார்.

அவர் பூங்கோதையின் பக்கம் திரும்பினார். "அப்படியாம்மா?"

தன் கல்யாணத்துக்கு முன்னால் அப்பாவும் இந்த வீட்டைப் பற்றி யாரிடமோ இப்படித்தான் கேட்டிருப்பார்.