இறங்கிப்போன கட்டை

கல்யாண ஆராதனைக்கு அரை மணி நேரமே இருந்தது. கோயிலில் பத்தொன்பது வருடமாகப் பியானோ வாசிக்கும் ஜெபசெல்விக்கு, நடுவிலிருந்த ஒரு கட்டை மட்டும் சுருதி இறங்கியிருப்பதாகப் பட்டது. திரும்பத் திரும்ப அழுத்திப் பார்த்தாள். இறங்கித்தான் இருந்தது. காலையில் பியானோவுக்குச் சுருதி சேர்த்துவிட்டு வெளியே நின்றிருந்த சில்வானுஸைக் கூப்பிட்டாள். அவர் இசைக்கவையை முழங்காலில் தட்டி, பியானோவின் மேல் ஊன்றி, அந்தக் கட்டையையும் அழுத்திப் பார்த்தார்.

"ஒரு நூல்கூடப் பிசகலையேம்மா."

அவளுக்கு இசைக்கவையின் ஒலியும் இறங்கியே கேட்டது.

"கவை கெட்டுப்போச்சா அண்ணே?"

"இரும்பு எப்படிம்மா கெட்டுப்போகும்?"

போன வாரக் காய்ச்சலில் இடது காது அடைத்துக்கொண்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அதைப் பொத்திக்கொண்டு கட்டையை அழுத்தினாள். சுருதி சுத்தமாக இருந்தது. வலது காதைப் பொத்தினாள். இறங்கிவிட்டது.

"என்னம்மா, காது வலிக்கா?"

"இல்லண்ணே. பியானோ சரியாத்தான் இருக்கு."

சில்வானுஸ் போய்விட்டார். ஆராதனைக்கு மணி அடித்தது. பாடகர் குழுவில் நின்றிருந்த மகள் பின்னாலிருந்து குனிந்து, "அம்மா, ஆரம்பிக்கலாமா?" என்றாள்.

இரண்டு குரல்கள் கேட்டன. ஒன்று மகளுடையது. மற்றது, அவள் அதுவரை கேட்டேயிராத யாரோ ஒருத்தியுடையது.

ஜெபசெல்வி திரும்பிப் பார்க்காமல் தலையை மட்டும் ஆட்டினாள்.