கெட்ட செய்தி சொல்லும் வகுப்பு

அன்று மதியத்துக்குள் அவள் நான்கு முறை விதவையாகியிருந்தாள்.

ஐந்தாவது மாணவன் கதவைத் திறந்தான். கதவுப் பிடியிலிருந்து கையை எடுக்காமலே சொன்னான்.

"சாரிங்க, உங்க ஹஸ்பண்ட் இறந்துட்டாரு."

இந்த இடத்தில் அவள் அழ வேண்டும். அதற்குத்தான் சம்பளம். ஆனால் அவள் முகத்தைச் சுளிப்பதற்குள், கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து பார்த்துக்கொண்டிருந்த பேராசிரியையின் பெருமூச்சு ஒலிபெருக்கியில் கேட்டது.

"ஏம்ப்பா, பஸ் போயிடுச்சுங்கிற மாதிரி சொல்றே? காலையிலேர்ந்து அந்தம்மா புருஷன் நாலு தடவை செத்தாச்சு. ஒருத்தராவது உட்கார்ந்து சொல்லக் கூடாதா?"

மருத்துவக் கல்லூரியின் பயிற்சி அறை அது. கட்டில் இருந்தது, பச்சைத் திரை இருந்தது, கை கழுவும் தொட்டியும் இருந்தது. குழாயைத் திறந்தால் மட்டும் தண்ணீர் வராது. கெட்ட செய்தி சொல்லப் பழகும் மாணவர்களுக்கு எதிரே உட்கார்ந்து அந்தச் செய்தியை வாங்கிக்கொள்வது அவள் வேலை. சில நாள் மனைவி, சில நாள் மகள், ஒருமுறை மாமியார்கூட. இன்னும் கல்யாணமே ஆகவில்லை.

இதே கல்லூரியில் படிக்கத்தான் மூன்று வருடம் விண்ணப்பித்தாள். மூன்று வருடமும் இடம் கிடைக்கவில்லை. அந்தக் கதவு திறக்காதபோது இந்தக் கதவு திறந்திருந்தது, நுழைந்துவிட்டாள்.

முதல் வருடம் மாணவர்கள் அவளிடம் வா, போ என்று பேசினார்கள். அப்புறம் வாங்க, போங்க. இப்போது அக்கா.

இது நான்காவது விண்ணப்பம். முடிவு இந்த வாரம் வரும் என்று சொல்லியிருந்தார்கள். இதுவும் இல்லையென்றால் அவ்வளவுதான் என்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடிக் கடையில் ஆள் தேவைப்படுகிறது. அம்மா இப்போதெல்லாம் "வந்துச்சா?" என்று கேட்பதில்லை. "சாப்பிட்டியா?" என்றுதான் கேட்கிறாள். குரல் மட்டும் அதே குரல்.

மாணவன் வெளியே போய் மறுபடி வந்தான். இம்முறை உட்கார வேண்டும் என்பது ஞாபகமிருந்தது. நாற்காலியைத் தரையோடு இழுத்தான். அது அறை முழுக்கக் கிறீச்சிட்டது.

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. புருஷன் செத்த நேரத்தில் அவள் சிரித்தது அதுதான் முதல் தடவை.

"நல்லாப் பழகிட்டு அடுத்த வாரம் வாப்பா," என்றது ஒலிபெருக்கி. பிறகு அணைந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விளக்கும் அணைந்தது. டீ நேரம்.

அவன் போகவில்லை. கழுத்தில் தொங்கிய ஸ்டெதஸ்கோப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக நின்றான்.

"ரொம்ப மோசமாக்கா?"

"நீ வாயத் திறக்கறதுக்குள்ள நாற்காலியே விஷயத்தக் கத்திச் சொல்லிடுச்சே, தம்பி. தூக்கி வைக்கணும். நல்ல சேதின்னா நின்னுக்கிட்டே சொல்லலாம், ஓடி வந்துகூடச் சொல்லலாம். இது அப்படி இல்ல."

அவன் தலையாட்டினான். பிறகு தயங்கித் தயங்கிக் கேட்டான்.

"உங்களுக்கு எப்படிக்கா நெனச்சவுடனே அழுகை வருது? நெஜமாவே யாரையாவது நெனச்சுப்பீங்களா?"

யாரையும் அல்ல. இடமில்லை என்ற முதல் வருடத்துச் செய்தியை அவள் பேருந்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு படித்தாள். அடுத்ததை வாயில் பல் துலக்கும் பிரஷ்ஷோடு. மூன்றாவதை இதே கட்டடத்தின் மாடிப்படியில், இறங்குகிறவர்களுக்கு வழிவிட்டு ஒதுங்கியபடி. மூன்று முறையும் நின்றுகொண்டு. மூன்று முறையும் தனியாக.

மடியிலிருந்த பையைத் திறந்து போனை எடுத்தாள்.

கல்லூரியின் மெயில் காலையிலேயே வந்துவிட்டது. ஒவ்வொரு முறை விதவையானபோதும் அது அவள் மடியில்தான் இருந்தது, திறக்கப்படாமல்.

"இன்னொரு தடவை பழகுறியா?" போனை நீட்டினாள். "இங்க படிக்க நானும் அப்ளை பண்ணியிருக்கேன். முடிவு இதுல இருக்கு. படிச்சுட்டு வந்து சொல்லு."

"அக்கா, இதப் போய் நான்..."

"எதுவா இருந்தாலும் பரவால்ல. சொல்லு."

அவன் அவளைப் பார்த்தான். இவ்வளவு நேரமும் அந்த நாற்காலியில் யாரோ ஒருத்தருடைய மனைவி உட்கார்ந்திருந்தாள். இப்போதுதான் அங்கே அவள் இருந்தாள்.

வகுப்பில் சொல்லித் தந்தபடி, முதலில் தான் படித்துக்கொள்வதற்காக அவன் வெளியே போனான். கதவு மூடிக்கொண்டது.

நடைவழியில் டீக் கோப்பைகளின் சத்தம் கேட்டது. யாரோ யாரையோ கலாய்த்தார்கள். ஒரு கூட்டமே சிரித்தது. அந்தச் சிரிப்பு வேறு ஏதோ ஊரிலிருந்து வருவதுபோல் இருந்தது. அவள் கைகளை மடியில் கோத்துக்கொண்டாள். அவள் நடிக்கும் அந்த மனைவியும் அப்படித்தான் உட்காருவாள்.

கதவு திறந்தது.

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கதவுப் பிடியில் இருந்த அவன் கையை மட்டும் பார்த்தாள். எடுக்காதே, என்று மனதுக்குள் சொன்னாள். அங்கேயே நில். நின்றுகொண்டே சொல்லிவிடு.

அவன் கையை எடுத்தான். கதவை மெல்லச் சாத்தினான்.

பிறகு நாற்காலியை இரண்டு கைகளாலும் தூக்கி வந்து, துளிச் சத்தமும் இல்லாமல், அவளுக்கு மிக அருகில் வைத்தான்.