சின்னக்கண்ணுவின் இரண்டாம் கல்யாணம்

"அம்பத்தி நாலு வயசுல கல்யாணம் கேக்குதா? அதுவும் பொண்ணு கன்னியாஸ்திரி ஆவலாமா வேணாமான்னு ஜெபம் பண்ணிக்கினு இருக்கிற நேரத்துல?"

பக்கத்து வீட்டு சவுரியம்மாள் இதைத் தெருவுக்கே கேட்கும்படிதான் சொன்னாள்.

சின்னக்கண்ணு ஜன்னலில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து மீசைக்கு டை அடித்துக்கொண்டிருந்தார். விக்கிரவாண்டி ஹைவே ஓட்டல் ஒன்றில் பரோட்டா மாஸ்டர். மனைவி செத்துப் பன்னிரண்டு வருஷம் ஆகிறது. ஒரே மகள் பிரபாவதி.

பிரபா மெடிக்கல் ஷாப்பில் வேலை பார்க்கிறாள். திண்டிவனத்தில் இருக்கும் கன்னியர் மடத்தில் சேர வேண்டும் என்று ஆசை. மடத்து சிஸ்டர் கவிதா இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். ஒவ்வொரு தடவையும் இவள் சொல்லும் பதில் ஒன்றுதான்.

"ஜெபம் பண்ணிக்கினுதான் இருக்கேன் சிஸ்டர். இன்னும் தெளிவு கெடைக்கல."

சவுரியம்மாள் போட்ட சத்தத்தில் பிரபா வெளியே வந்தாள்.

"இன்னாப்பா இது? நெஜமா?"

"நெஜந்தான். கண்டமங்கலத்துப் பொம்பள. புருஷன் இல்ல. பேசி முடிச்சாச்சு."

"என்னாண்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலியா உனக்கு?"

"உன்னாண்ட எதுக்குக் கேக்கணும்? கட்டிக்கப் போறது நான்."

அப்பா இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை.

"அப்ப அம்மா போட்டோ?"

"அத வேணா நீ எடுத்துக்கோ."

அவ்வளவுதான். பையைத் தூக்கிக்கொண்டு திண்டிவனம் பஸ் ஏறிவிட்டாள்.

"சிஸ்டர், தெளிவு கெடைச்சிருச்சு. இன்னிக்கே சேர்ந்துக்கறேன்" என்றாள், மூச்சு வாங்க.

சிஸ்டர் கவிதா தண்ணீர் கொடுத்தார். எல்லாவற்றையும் கேட்டார். கேட்கக் கேட்க அவருக்கே சின்னக்கண்ணு மேல் கோபம் வந்தது. ஆனாலும் தலையை ஆட்டி மறுத்தார்.

"கோவத்துல வீட்டை விட்டு வரலாம் பிரபா. கோவத்துல மடத்துக்கு வர முடியாது."

"அப்ப என்னைச் சேர்த்துக்க மாட்டீங்களா?"

"ஒரு மாசம் ஜெபம் பண்ணு. உனக்காக இல்ல. உங்கப்பா கல்யாணம் நல்லபடியா நடக்கணும்னு கேளு. அதுக்கப்புறமும் இங்க வரணும்னு தோணுச்சுன்னா வா."

"அது என்னால முடியாது சிஸ்டர்."

"முடியறதைக் கேக்கவா ஜெபம்?"

பிரபா வீடு திரும்பினாள். தினமும் வேலைக்குப் போகும் முன் பங்குக் கோயிலில் முழங்கால் போட்டாள். முதல் வாரம், "ஆண்டவரே, எங்கப்பா..." என்று ஆரம்பிப்பாள். அதற்கு மேல் வார்த்தை வராது. எழுந்து போய்விடுவாள்.

வீட்டில் அப்பாவோடு பேச்சு கிடையாது. அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போய், யாரிடமோ சிரித்துச் சிரித்துப் பேசுவார். அதைப் பார்த்தால் மறுபடி பற்றிக்கொண்டு வரும்.

மூன்றாவது வாரம் ஒரு மத்தியானம். மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸை எடுக்க வீட்டுக்கு வந்தாள். அப்பா சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். டிவிகூடப் போடவில்லை. அவள் வந்ததை அவர் கவனிக்கவில்லை.

பன்னிரண்டு வருஷமா மத்தியானச் சோறு இப்படித்தானா?

மறுநாள் கோயிலில் அந்த ஜெபம் முழுசாக வந்தது.

"ஆண்டவரே, அந்தப் பொம்பள யாருன்னு எனக்குத் தெரியாது. எங்கப்பாவ நல்லா பாத்துக்கட்டும். ரெண்டு பேரும் சந்தோஷமா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு மனசுக்குள் தேடிப் பார்த்தாள், கோபம் இல்லை. மடத்துக்குப் போக வேண்டும் என்ற ஆசை மட்டும் அப்படியே இருந்தது. முன்பைவிட அமைதியாக, முன்பைவிட உறுதியாக.

மாசம் முடிந்ததும் சின்னக்கண்ணுவே அவளைத் திண்டிவனத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். மடத்து வாசலில் பிரபா ஒரு புதுப் புடவையை எடுத்து நீட்டினாள்.

"அவங்களுக்குக் குடுப்பா. கலரு புடிக்குமான்னு தெரியல."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

"காலையில சுகர் ஊசி போடணும்னு அவங்களாண்ட சொல்லிட்டியா? நீ பயந்துக்கினு வேணாம்ப. விடக்கூடாதுன்னு சொல்லு."

"எல்லாம் சொல்லிக்கிறேன். நீ போ தாயி."

பிரபா குனிந்து அப்பாவின் கையில் முத்தமிட்டாள். உள்ளே போகும்போது ஒரு தடவை திரும்பிச் சிரித்தாள்.

சிஸ்டர் கவிதா மட்டும் வாசலிலேயே நின்றார். மனத்தில் கசப்பு இருந்தாலும் மரியாதைக்குக் கேட்டார்.

"கல்யாணம் என்னைக்குங்க? முடிஞ்சதும் அவங்களையும் கூட்டிட்டு வாங்க. பிரபா பாக்க ஆசைப்படுவா."

சின்னக்கண்ணு உள்ளே எட்டிப் பார்த்தார். மகள் கண்ணுக்கு மறைந்துவிட்டாள் என்று நிச்சயமான பிறகுதான் வாயைத் திறந்தார்.

"கூட்டிக்கினு வர அப்படி யாரும் இல்லீங்க சிஸ்டர். 'நீ கூப்புடறது நல்லா கேக்குது ஆண்டவரே, ஆனா எங்கப்பா ஒண்டியா கெடப்பாரு, நீ வேற யாரையாச்சும் கூப்புட்டுக்கோ'ன்னு எம்பொண்ணு கோயில்ல அழுதுக்கினு இருந்தத, பின்னால நின்னுக்கினு நான் கேட்டுட்டேங்க."