துணையின் பெயர்

“பாத்தாத் தெரியலையாம்மா? பொம்பளைதான். வெரசா எழுதிக்கோ!”

கேள்வி கேட்டது தேவசேனா டீச்சரிடம். பதில் சொன்னது பக்கத்து வீட்டுக் குப்பம்மாள்.

கொடைக்கானலில் இருந்து கணக்கெடுக்க வந்திருந்த புவனா சிரித்துவிட்டாள். “பாத்து எழுதக் கூடாதுங்கம்மா. ஆணா, பெண்ணா, திருநங்கையா, திருநம்பியா, அவங்க தன்னை எப்படிச் சொல்றாங்களோ அப்படித்தான் எழுதணும்.”

“பெண்” என்றாள் தேவசேனா.

“அதைத்தானே நானும் சொன்னேன்!”

கவுஞ்சி கிராமத்தில் குப்பம்மாள் மூக்கை நுழைக்காத வீடு கிடையாது. யார் வீட்டில் என்ன குழம்பு, எவன் பொண்டாட்டி கோவிச்சுக்கிட்டு அம்மா வீட்டுக்குப் போனாள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. கேரட் காட்டுக்குக் கிளம்பியவள், டீச்சர் வீட்டுக்கு யாரோ வந்திருப்பதைப் பார்த்ததும் அப்படியே திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டாள். அவளை யார் தடுக்க முடியும்!

“தனியா வாழ்றவங்களைப் பத்தின கணக்கெடுப்புங்க இது. டீச்சர்கிட்ட மட்டும் பேசணும்...” என்று புவனா இழுத்தாள்.

“நான் என்ன வேத்தாளா? நீ பாட்டுக்குக் கேளு.”

“இருக்கட்டும்மா” என்றாள் தேவசேனா. போகச் சொன்னால், அப்படி என்ன ரகசியம் என்று மத்தியானத்துக்குள் ஊரே கேட்கும்.

“வயசு?”

“அறுபத்தொண்ணு. அங்கன்வாடியில டீச்சரா இருந்து ரிட்டையர் ஆயிட்டேன்.”

“சொந்த ஊர்?”

“பழனி” என்று குப்பம்மாள் முந்திக்கொண்டாள். “அடிவாரத்துல தேங்காய், பழக்கடை. அண்ணன்காரன் ஒருத்தன் இருக்கான். இந்தப் பக்கம் எட்டிக்கூடப் பாக்க மாட்டான்.”

புவனா கையிலிருந்த டேப்லெட்டைப் பார்த்து நிதானமாகப் படித்தாள். “உங்களுக்கு வாழ்க்கைத் துணைன்னு யாராவது இருக்காங்களா, இல்ல முன்னாடி இருந்தாங்களா? முன்னெல்லாம் ‘கணவர் பெயர்’னுதான் கேப்போம். இப்ப மாத்தியாச்சு. கல்யாணம் ஆகியிருக்கணும்னு இல்ல. ஆணாத்தான் இருக்கணும்னும் இல்ல.”

தேவசேனாவின் பார்வை சுவரிலிருந்த வெறும் ஆணிக்குப் போயிற்று.

“டீச்சருக்குக் கல்யாணமே ஆகலை” என்றாள் குப்பம்மாள் சட்டென்று. “யாரும் இல்லைன்னு போடு.”

“அவங்க வாயால சொல்லணும்மா.”

“நான் சொன்னா ஆகாதா?”

“ஆகாதுங்கம்மா.”

குப்பம்மாள் புவனாவை ஒரு முறை முறைத்தாள். பிறகு டீச்சரைப் பார்த்தாள். “எனக்குச் சோலி கெடக்கு” என்று முந்தானையை உதறிக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

வீடு அமைதியானது. நாலு மாதமாகவே இந்த வீடு அப்படித்தான் கிடக்கிறது.

லீலா இந்த ஊருக்கு நர்ஸாக வந்தவள். முதலில் வாடகையில் பாதி கொடுத்துத் தங்கினாள், அப்புறம் போகவே இல்லை. மாரடைப்பில் அவள் போனதும் வத்தலக்குண்டிலிருந்து தம்பி வந்து கொள்ளி வைத்தான். சுவரில் இருந்த அவள் போட்டோவைக் கழற்றி எடுத்துக்கொண்டும் போனான். எந்த உரிமையில் வேண்டாம் என்பது? கூட்டத்தோடு கூட்டமாகத் தேவசேனாவும் நின்றிருந்தாள்.

குப்பம்மாளின் புருசன் பழனிச்சாமி செத்தபோது பதினாறு நாளும் ஊர்ப் பெண்கள் மாற்றி மாற்றி அவளுக்குத் துணையாகப் படுத்துக்கொண்டார்கள். லீலாவுக்கு மூன்றாம் நாளே எல்லாரும் உருளைக்கிழங்கு தோண்டப் போய்விட்டார்கள். “கூட இருந்தவங்க போயிட்டாக் கஷ்டம்தான் டீச்சரு” என்றார்கள், ஏதோ குடியிருந்தவர் வீட்டைக் காலி பண்ணிப் போன மாதிரி. அழுகை வந்தால் தேவசேனா குழாயைத் திறந்துவிட்டு அழுதாள், பாவி மகள்.

“டீச்சர், பிடிக்கலைன்னா இதை விட்டுடலாம். ‘சொல்ல விரும்பவில்லை’ன்னும் போட்டுக்கலாம்.”

“இருந்தாங்க” என்றாள் தேவசேனா. “நாலு மாசம் முன்னாடி இறந்துட்டாங்க.”

புவனாவின் புருவம் உயரவில்லை. “பேரு சொல்லணும்னு தோணினாச் சொல்லுங்க.”

“லீலா.”

“எத்தனை வருசம் சேர்ந்து வாழ்ந்தீங்க?”

“இருபத்தேழு.”

அவ்வளவுதான். அதற்கு மேல் அவளால் முடியவில்லை. குழாயும் இல்லை, ஒன்றும் இல்லை, வாய்விட்டு அழுதாள்.

“டீச்சரு!”

வாசலில் குப்பம்மாள். காட்டுக்குப் போகவில்லை. எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ தெரியவில்லை. தேவசேனா அவசரமாக முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். போச்சு, எல்லாம் போச்சு!

குப்பம்மாள் உள்ளே வந்தாள். கையில் ஒரு துணிப்பை. அதிலிருந்து மடிப்புக் கலையாத நூல் சேலை ஒன்றை எடுத்து, டீச்சரின் தோளைச் சுற்றிப் போர்த்தினாள்.

“கோடி. துணையைப் பறிகொடுத்தவளுக்குப் பொறந்த வீட்டுல இருந்து வரணும். உங்கண்ணன் வர மாட்டான்னு பதினாறுக்கு முன்னாடியே நானே எடுத்து வச்சிட்டேன்.”

“உங்களுக்கு... தெரியுமா?”

“ஊருக்கே தெரியும் தாயி. வெளியூர்க்காரி எழுதி எங்க கொண்டு போவாளோன்னு பயந்துதான் யாரும் இல்லைன்னேன். நீங்களாச் சொல்லாம எப்படிப் போடறதுன்னு நாலு மாசமாப் பொட்டிக்குள்ள கெடக்கு இந்தச் சேலை. இன்னைக்குச் சொல்லிருவீங்கன்னு தோணவும் ஓடிப்போய் எடுத்தாந்தேன்.”

குப்பம்மாள் மூக்கைச் சிந்தினாள்.

“ஊர் சங்கதி அத்தனையும் கேக்குற இந்த வாய்க்கு, உங்ககிட்ட இந்த ஒண்ணைக் கேக்கத் துப்பில்லாமப் போச்சே!”