காணாமல் போன புள்ளி மீன்

இரண்டு மாதம் கொச்சியில் மிளகு வியாபாரம் பார்த்துவிட்டுச் சோளக்காடு திரும்பிய ராஜா முகமது, வீட்டுக் கடல்மீன் தொட்டியைப் பார்த்துத் திகைத்தார். ஜோடியில் பச்சை ஆண்மீன் மட்டும் நீந்தியது. புள்ளி போட்ட பெண்மீனைக் காணோம்.

மணலுக்குள் புதைந்து தூங்கும் சாதி என்பதால் கையை விட்டுத் துழாவினார். இல்லை.

“மூடியைத் திறந்து போட்டியா ஜுலைகா? குதிச்சிருக்கும். ஒரு மீனையே பாத்துக்க முடியல, உன்னை நம்பி மிளகுக் கடையை விட்டுட்டுப் போனேன் பாரு. நாளையிலிருந்து என் தம்பி உக்காரட்டும்.”

“குதிச்சது நெசந்தானுங்க,” என்றாள் அவர் மனைவி ஜுலைகா பீவி. “ஆனா குதிச்சுச் செத்தது ஆம்பளை. நீங்க போன மறுநாளே கொய்யா மரத்தடியில பொதைச்சுட்டேன்.”

“அப்ப இது யாரு?”

“அந்தப் பொட்டைதானுங்க. ஆம்பளை இல்லாட்டி, பொட்டையே கொஞ்சங்கொஞ்சமா நெறம் மாறி ஆம்பளை ஆயிருமாம். மீன்கடைக்காரர் போன்ல சொன்னாருங்க. நானும் கடைத் தராசு முன்னால உக்காந்து ரெண்டு மாசம் ஆச்சுங்களே.”

ராஜா முகமது தன்னையறியாமல் மீசையைத் தடவிக்கொண்டார்.

“இப்ப என்ன பண்றது?”

“தொட்டி மேல கொசுவலை கட்டியாச்சுங்க. பொட்டை ஒண்ணு வாங்கியாங்க, ஜோடி சேந்துரும். உங்க தம்பியை வர வேண்டாம்னு சொல்லிருங்க.”